கோலியும் மணியும்

நுழையும்முன்

விளையாடும் சிறுவனின் சட்டைப்பையில் கிடப்பது கோலிக்குண்டு. பழைய ஊரிருக்கையின் மண்ணில் கிடப்பது கண்ணாடி மணி. இரண்டும் உருகிய மணலிலிருந்து பிறந்தவை. இரண்டையும் ஆராயும் முறையும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும், ஒன்றைச் சேகரித்தால் அறிவு வளரும். மற்றொன்றை எடுத்துச் சென்றால் அறிவு அழியும். இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்குகிறது இப்பாடம்.

சிறு பொருளும் நெடுங்காலமும்

புதுச்சேரி நகருக்கு வடமேற்கே, வில்லியனூர்க் கொம்யூனில் அமைந்த ஊர் சேதராப்பட்டு. இன்று தொழிற்பேட்டையால் அறியப்படும் இவ்வூர் நிலம், தொன்மையான ஒரு காலத்தில் கடலின் அடியில் கிடந்தது. சேதராப்பட்டு, வழுதாவூர்ப் பகுதியின் பாறைப் படிவுகளில் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே நிலவியலாளர் பதிவு செய்துள்ளனர். கைக்கு அகப்படும் சிறு பொருளைக் கொண்டு கண்ணுக்கு எட்டாத காலத்தை அறிய முடியும் என்பதற்கு இம்மண்ணே ஒரு சான்றாகும்.

இவ்வூர் போன்ற சிற்றூர்களின் தெருக்களில் கோலி ஆட்டம் நெடுங்காலம் விரும்பி ஆடப்பட்டது. மண்ணில் சிறு குழிகள் தோண்டி, ஒரு கையின் விரலை வில்போல் வளைத்துக் கோலியைச் செலுத்தி, குழியிலும் எதிராளியின் கோலியிலும் குறிதவறாது அடிப்பதே அவ்வாட்டம். அதன் விதிகளும் பெயர்களும் ஊருக்கு ஊர் வேறுபடும். தமிழகத்தில் கோலி, கோலிக்குண்டு, பளிங்கு எனப்படும் பொருளே யாழ்ப்பாணத்தில் போளை எனப்படுகிறது. கோலி என்னும் சொல் உருண்டைப் பொருளைக் குறிப்பதாக வட இந்திய மொழிகளிலும் வழங்குகிறது. பளிங்கு என்பதோ ஒளி ஊடுருவும் கல்லைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மணிமேகலை உதயகுமரன் கண்ணில் படாமல் புகுந்த இடம் பளிக்கறை மண்டபம் என்பதை மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது. அரசவைக்கும் காப்பியத்துக்கும் உரிய அச்சொல், காலப்போக்கில் தெருவில் ஆடும் சிறுவர் கைக்கும் வந்து சேர்ந்தது.

மணல் கண்ணாடியாதல்

கண்ணாடியின் முதன்மைப் பொருள் மணலில் உள்ள சிலிக்கா. அது தனியே உருகுவதற்கு 1700 பாகை செல்சியசு அளவிலான வெப்பம் வேண்டும். அதனுடன் சோடா உப்பைச் சேர்த்தால் குறைந்த வெப்பத்திலேயே உருகும். சுண்ணாம்பைச் சேர்த்தால் நீரில் கரையாத உறுதியைப் பெறும். உருகிய குழம்பில் மிகச் சிறிய அளவு உலோகம் கலந்தாலும் நிறம் தோன்றும். கோபால்ட்டு ஆழ்ந்த நீலத்தையும், மாங்கனீசு ஊதாவையும் தரும். செம்பு, சூளையின் காற்றோட்டத்திற்கேற்பப் பசுநீலத்தையோ செங்கல் சிவப்பையோ தரும். மணலில் இயல்பாகவே கலந்திருக்கும் இரும்பு, கண்ணாடிக்கு இளம்பச்சைச் சாயலைத் தருகிறது.

சோடாக் கோலியின் நிறத்துக்குக் காரணம் இதுவே. 1872ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த ஐரம் காட் என்பவர், கோலியையே அடைப்பானாகக் கொண்ட சோடாப் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். புட்டியின் வாயில் இரப்பர் வளையமும் கழுத்தில் உள்நோக்கிய ஒடுக்கமும் அமைந்திருக்கும். வளிமம் கலந்த நீரை நிரப்பிப் புட்டியைத் தலைகீழாகத் திருப்பும்போது கோலி வாய்க்கு வந்துசேரும். உள்ளிருக்கும் அழுத்தம் அதனை வளையத்தோடு இறுக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் கோலி உள்ளே விழும். நீர் பொங்கி எழும். கழுத்தின் ஒடுக்கம் கோலியை அடிவரை விழாமல் தாங்கும். மேலை நாடுகளில் இவ்வகைப் புட்டி பெரும்பாலும் வழக்கொழிந்த பின்னரும், தமிழகத்துப் பெட்டிக்கடைகளில் கோலி சோடா நிலைத்து நின்றது. உடைந்த புட்டியிலிருந்து எடுத்த கோலி சிறுவர்க்குப் பெரும்பேறாயிற்று. நிறக்கோடுகள் இன்றி, இளம்பச்சையாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ உள்ள பழைய கோலி பெரும்பாலும் இவ்வாறு கிடைத்ததே.

கையால் செய்த கோலி

விளையாட்டுக்கென்றே கண்ணாடிக் கோலிகளைப் பேரளவில் செய்யும் தொழில், செருமனியின் துரிங்கியப் பகுதியிலுள்ள லௌசா என்னும் ஊரில் வளர்ந்தது. 1846ஆம் ஆண்டளவில் அங்குக் கோலிக் கத்தரிக்கோல் என்னும் கருவி உருவாயிற்று. அதன் ஒரு முனையில் சிறு கிண்ணம் இருக்கும். வண்ணக் கண்ணாடி இழைகளைத் தெளிந்த கண்ணாடிக்குள் வைத்து நீண்ட கோலாக இழுத்து முறுக்குவர். கோலின் நுனியைச் சூடாக்கி, கிண்ணத்தில் வைத்துச் சுழற்றி உருண்டையாக்கியபின் வெட்டுவர். ஒரே கோலிலிருந்து அடுத்தடுத்துப் பல கோலிகள் பிறக்கும்.

வெட்டிய இடத்தில் ஒரு தழும்பு எஞ்சும். இதனைச் சேகரிப்போர் பான்டில் குறி என்பர். பொதுவாக எதிரெதிர் முனைகளில் இரண்டு தழும்புகள் காணப்படும். கோலின் முதலிலோ இறுதியிலோ வெட்டப்பட்டதாயின் ஒரு தழும்பு மட்டும் இருப்பதுண்டு. உள்ளிருக்கும் வண்ண இழைகள் ஒரு தழும்பில் தொடங்கி மறு தழும்பில் முடியும். இவ்விரு குறிகளும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. இழைகளின்றி, வெண்ணிறச் சிற்றுருவம் ஒன்றை உள்ளே கொண்ட கோலிகளும் அக்காலத்தில் செய்யப்பட்டன. விலங்கு, பறவை முதலியவற்றின் அவ்வுருவங்கள் கண்ணாடிக்குள் வெள்ளிபோல் மின்னும். இவை சல்பைடு கோலிகள் எனப்பட்டன.

எந்திரம் செய்த கோலி

1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரைச் சேர்ந்த மார்ட்டின் கிறிசுடென்சன், உருண்டைகளைச் செய்யும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் வளர்ச்சியடைந்த எந்திரங்களில் உருகிய கண்ணாடி ஒழுக்கு, கட்டி கட்டியாகத் துண்டிக்கப்படுகிறது. அக்கட்டிகள் சுழலும் இரட்டை உருளைகளின் திருகுப் பள்ளங்களில் விழுந்து, உருண்டவாறே நகர்ந்து, குளிர்ந்து கோலிகளாகின்றன. 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. செருமானியக் கோலிகளின் ஏற்றுமதி தடைப்பட, அமெரிக்க எந்திரக் கோலிகள் சந்தையைப் பிடித்தன.

எந்திரக் கோலியில் வெட்டுத் தழும்பு இராது. வண்ணங்கள் இரு முனைகளுக்கிடையே ஒழுங்காக ஓடாமல் மேற்பரப்பில் சுழன்று பரவியிருக்கும். இரண்டாம் உலகப்போருக்குப்பின், 1950ஆம் ஆண்டையொட்டி, சப்பானில் புதியவகைக் கோலி பெருகியது. தெளிந்த கண்ணாடியின் நடுவே பூவிதழ்போல் வண்ணத் தகடுகள் அமைந்த அது, பூனைக்கண் கோலி எனப்பட்டது. இன்று கடைகளில் பெரிதும் காணப்படுவது இவ்வகையே. ஆதலால், பூனைக்கண் கோலி ஒன்றை எவரேனும் நூறாண்டுப் பழமை உடையது என்று கூறினால், அக்கூற்றைக் கோலியே மறுத்துவிடும்.

இனங்காணும் முறை

பழைய கோலியை ஆராய்வோர் ஒரே குறியைக் கொண்டு முடிவு செய்வதில்லை. முதலில் கோலியை ஒளிக்கு எதிரே பிடித்து மெல்லச் சுழற்றி, கைக்கண்ணாடியின் துணையால் வெட்டுத் தழும்பைத் தேடுவர். அடுத்து, வண்ண இழைகளின் தொடக்கத்தையும் முடிவையும் நோக்குவர். மூன்றாவதாக, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளின் வடிவத்தைக் காண்பர். கண்ணாடி இழுக்கப்பட்டிருந்தால் குமிழி அத்திசையில் நீண்டிருக்கும். நான்காவதாக, விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பர். விளையாட்டுக் கோலிகளுள் 16 மி.மீ. அளவினவே மிகுதி. கையால் செய்தவை சற்றே உருண்மை குன்றியிருக்கும். ஆதலால் பல திசைகளில் அளத்தல் வேண்டும்.

இறுதியாக நோக்குவது தேய்மானம். ஆடப்பட்ட கோலியில் மோதலால் உண்டான பிறைவடிவக் கீறல்களும் மண்ணில் உரசிய மங்கலும் இருக்கும். இக்காலக் கலைஞர்களும் கையால் கோலி செய்கின்றனர். அவற்றிலும் வெட்டுத் தழும்பு உண்டு. தழும்பு இருந்தும் தேய்மானம் சிறிதும் இல்லையெனில் ஐயுறுதல் தகும். கீறல்களை மறைக்க மெருகேற்றிய கோலி, தன் தழும்பையும் அளவையும் இழந்துவிடுகிறது. அதனால்தான் மெருகேற்றியதைவிடக் கீறல்பட்ட கோலியையே அறிந்தோர் மதிக்கின்றனர். வெந்நீரில் கழுவுவதும் தவறு. திடீர் வெப்பமாற்றம் பழைய கண்ணாடியைப் பிளந்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

குமிழி சொல்லும் செய்தி: கண்ணாடி மணியின் குமிழிகளும் நிறக்கோடுகளும் துளையின் போக்கிலேயே நீண்டிருந்தால், அது குழாயாக இழுத்து நறுக்கப்பட்ட மணி. அவை துளையைச் சுற்றி வளைந்து சென்றால், கம்பியின்மேல் கண்ணாடியைச் சுற்றிச் செய்த மணி. மேற்பரப்பில் பொருத்துக்கோடு தென்பட்டால், அச்சில் வார்த்த மணி.

அரிக்கமேட்டு மணிகள்

கோலியை ஆராயப் பழகிய கண் அடுத்து நோக்கத்தக்கது, புதுச்சேரி நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு. இப்பகுதியின் இடிபாடுகளை, வெள்ளிக் கோளின் இடைநகர்வைக் காண இந்தியா வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீ 18ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டுள்ளார். ஆயினும், அவ்விடத்தின் சிறப்பை உலகறியச் செய்ததில் அவ்வூர்ச் சிறுவர்களுக்கும் பங்குண்டு. 1937ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர் மூவோ துப்ராய், அச்சிறுவர்களிடமிருந்து பழம்பொருள்களை விலைக்கு வாங்கினார். நிலத்தின் மேற்பரப்பிலும் சிலவற்றைத் திரட்டினார். அவற்றுள் மனிதத் தலை பொறித்த கல் ஒன்றும் இருந்தது. அவர் அதனை உரோமப் பேரரசர் அகசுடசின் உருவமெனக் கருதினார்.

1945இல் மார்டிமர் வீலர், 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி ஆகியோர் இங்கு அகழாய்வு நடத்தினர். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளசு என்னும் கடற்பயண நூல் குறிப்பிடும் பொதுகே என்னும் துறைமுகம் இதுவே என்பது வீலரின் கருத்து. இத்தாலிய நாட்டு அரெட்டைன் மட்பாண்டங்கள், மதுச்சாடிகள் ஆகியவற்றோடு இங்குக் கிடைத்தவற்றுள் முதன்மையானவை கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் ஆகும். செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கருமை எனப் பல நிறங்களில், கடுகினும் சற்றே பெரிய இக்கண்ணாடி மணிகள் இங்கேயே செய்யப்பட்டன. செய்முறையில் எஞ்சிய கழிவுகள் அதனைக் காட்டுகின்றன. இவ்வகை மணிகள் ஆப்பிரிக்கா முதல் கிழக்காசியா வரை பரவியிருப்பதை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிசு, இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் எனப் பெயரிட்டார்.

இவற்றின் செய்முறை நுட்பமானது. உருகிய கண்ணாடித் திரளின் நடுவே காற்றுத் துளையை உண்டாக்கி, அதனை நீண்ட மெல்லிய குழாயாக இழுப்பர். குளிர்ந்த குழாயைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்குவர். துளை மூடாதிருக்கச் சாம்பலைச் சேர்த்துச் சூடாக்கிக் கிளறும்போது கூரிய விளிம்புகள் உருகி உருண்டையாகும். ஆந்திர மாநிலத்தின் பாப்பாநாயுடுபேட்டை என்னும் ஊரில் அண்மைக் காலம்வரை கைவினைஞர் இம்முறையிலேயே மணி செய்துவந்தனர். பழந்தொழிலின் இயல்பை ஆய்வாளர் விளங்கிக்கொள்ள அவர்தம் கைத்திறனே துணைசெய்தது.

மண்ணை இழந்த மணி

இங்குதான் கோலிக்கும் மணிக்கும் உள்ள வேறுபாடு புலப்படுகிறது. கோலியின் செய்முறை நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் பலமுறை மாறியது. கத்தரிக்கோல், எந்திரம், பூனைக்கண் என ஒவ்வொரு மாற்றமும் தன் குறியைக் கோலியின்மேல் விட்டுச் சென்றது. ஆகவே, எவ்விடத்தில் கிடைத்தாலும் கோலி தன் காலத்தை ஓரளவு தானே கூறும்.

இந்தோ-பசிபிக் மணியின் செய்முறையோ ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் பெரிதும் மாறாமல் நிலைத்தது. தொன்மையான சிவப்பு மணியையும் சில தலைமுறைகளுக்கு முன் செய்த சிவப்பு மணியையும் அருகருகே வைத்தால், வெறுங்கண்ணால் வேறுபடுத்தல் அரிது. நெடுங்காலம் மண்ணில் கிடந்த கண்ணாடியில் வானவில் நிறப் படலமும் நுண்குழிகளும் தோன்றுவதுண்டு. ஆனால், அவை ஈரத்தையும் மண்ணின் தன்மையையும் பொறுத்தவை. ஆண்டுக் கணக்கைக் காட்டா.

எனின், மணியின் காலத்தைக் கூறுவது எது? அது கிடந்த மண்ணடுக்கே கூறுகிறது. அரெட்டைன் மட்பாண்டம் இத்தாலியில் செய்யப்பட்ட காலம் தெரியும். அவ்வோடு கிடந்த அடுக்கிலேயே மணியும் கிடந்தால், மணியின் காலத்தையும் அதனோடு இணைத்து உணரலாம். அதற்குக் கீழுள்ள அடுக்கில் கிடைத்த மணி அதனினும் முந்தியது. உரோம வணிகம் பெருகுவதற்கு முன்னரே அரிக்கமேட்டில் மக்கள் வாழ்ந்தனர் என்னும் முடிவை ஆய்வாளர் இத்தகைய அடுக்குகளைக் கொண்டே எட்டினர்.

பெருமழைக்குப்பின் அரிக்கமேட்டுச் சரிவுகளில் மணிகள் வெளிப்படும். அதனைக் காண்பவர் ஒரு பிடி மணிகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுசென்றால், அழகிய மணிகள் அவரிடம் இருக்கும், வரலாறு இராது. எந்த அடுக்கில், எந்தப் பானையோட்டுக்கு அருகில், எந்த உலையின் பக்கத்தில் அவை கிடந்தன என்னும் செய்தி மீளாது அழிந்துவிடும். கிழிந்த ஏட்டின் ஓரெழுத்தைப் பாதுகாத்து, ஏட்டை எரித்ததற்கு ஒப்பாகும் அச்செயல். அச்சிறுவர்கள் கொடுத்த பொருள்கள் ஓர் ஊரை அடையாளம் காட்டின என்பது உண்மையே. அவை கிடந்த துல்லியமான இடங்கள் பதிவாகியிருப்பின் இன்னும் பல செய்திகளைக் காட்டியிருக்கும் என்பதும் உண்மையே.

சட்டமும் இதனை உணர்ந்தே அமைந்துள்ளது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் இசைவின்றித் தோண்டுவதை 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் தடுக்கிறது. தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடைசெய்கிறது. கிணறு வெட்டும்போதோ நிலத்தை உழும்போதோ பழம்பொருள் தென்பட்டால், மேலும் தோண்டாது, பொருளை அசைக்காது, இடத்தைக் குறித்துக்கொண்டு வருவாய் அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவித்தல் வேண்டும். அரிக்கமேட்டு மணிகளைக் காண விழைவோர்க்குப் புதுச்சேரி அருங்காட்சியகம் உள்ளது.

சேகரிப்பின் அறம்

அகழாய்வாளர் மணிக்குச் செய்வதை மாணவர் கோலிக்குச் செய்யலாம். வீட்டுப் பரணிலும் பழைய பெட்டியிலும் கிடக்கும் கோலிகளுக்கு வரிசை எண் இட்டு, விட்டம், நிறம், தழும்பு, தேய்மானம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதலாம். அதனினும் இன்றியமையாதது, கோலியுடன் வந்த சொல். அதனை வைத்திருந்தவர் யார், எந்த ஆண்டளவில், எவ்விடத்தில் ஆடினார், அவ்வாட்டத்தை எப்பெயரால் அழைத்தார், தோற்றவர்க்கு என்ன தண்டனை என்பனவற்றைப் பாட்டனாரிடமும் அயலாரிடமும் கேட்டு எழுதுதல் வேண்டும். கோலி நெடுங்காலம் அழியாது. ஆட்டத்தை அறிந்தவரின் நினைவோ அவரோடு மறைந்துவிடும்.

நூறு கோலிகளைப் பெட்டியில் குவித்தவர் பொருளைத் திரட்டியவர். பத்துக் கோலிகளை அவற்றின் வரலாற்றோடு எழுதி வைத்தவரே சேகரித்தவர். இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர், மழைக்குப்பின் மண்ணில் மின்னும் மணியைக் கண்டால் குனிந்து நோக்குவார், இடத்தைக் குறித்துக்கொள்வார், மணியை அதன் மண்ணிலேயே விட்டு, அறிந்தோர்க்குச் சொல்ல விரைவார்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலோ அயலிலோ உள்ள ஐந்து கோலிகளைப் பெற்று, பாடத்தில் கூறிய ஐந்து நிலைகளில் ஆராய்ந்து பட்டியல் இடுக.

2. உங்கள் ஊர் மூத்தோர் ஒருவரிடம் கோலி ஆட்டத்தின் விதிகளையும் சொற்களையும் கேட்டு எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.

3. ‘கோலி தன் காலத்தைத் தானே கூறும், மணிக்கு மண் துணை வேண்டும்.’ இக்கருத்தைச் சான்றுகளுடன் விளக்குக.

4. கிணறு தோண்டும்போது கண்ணாடி மணிகள் கிடைத்ததாகக் கொண்டு, தொல்லியல் துறைக்கு அதனைத் தெரிவிக்கும் கடிதம் ஒன்று வரைக.